இமை துடிப்பு: தீங்கற்ற துடிப்பை அடையாளம் கண்டு தணிப்பதற்கான முழுமையான வழிகாட்டி

தறியில் அமர்ந்திருக்கும்போதோ, கடையில் கணக்கு எழுதும்போதோ, ஒரு கண்ணின் இமை, பெரும்பாலும் கீழிமை, தானாகவே படபடவென்று துடிக்கத் தொடங்குகிறது. சில நொடிகளில் அடங்குகிறது. சற்று நேரம் கழித்து மீண்டும் வருகிறது. இப்படி விட்டுவிட்டு நாள்கணக்கிலும், சிலருக்கு வாரக்கணக்கிலும் நீடிக்கும் இத்துடிப்பு மிகப் பெரும்பாலோருக்குத் தீங்கற்றது. மருந்து எதுவும் இல்லாமலேயே அடங்கிவிடக்கூடியது. ஆயினும் துடிக்கின்ற நாட்களில் அது தரும் கலக்கம் சிறிதன்று. நரம்பில் ஏதோ கோளாறு, வாதம் வரப்போகிறது என்று அஞ்சி உறக்கம் இழப்பவர்கள் உண்டு. உறக்கம் இழப்பதாலேயே துடிப்பு மேலும் நீள்வதும் உண்டு. ஆகவே செய்ய வேண்டியவை இரண்டு: வந்திருப்பது தீங்கற்ற துடிப்புத்தானா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும், பிறகு அதற்குத் தீனி போடும் காரணங்களை ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். அந்தக் காரணங்களுள் உறக்கக் குறைவே முதன்மையானது என்பது என் உறுதியான கருத்து.

ஆணுக்கு வலக்கண்ணும் பெண்ணுக்கு இடக்கண்ணும் துடித்தால் நல்ல சேதி வரும், மாறித் துடித்தால் ஆகாது என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த நம்பிக்கையைக் குறை சொல்வது இங்கு நோக்கமன்று. ஆனால் மாறித் துடிக்கிறதே என்ற பயம் ஒருவரின் தூக்கத்தைக் கெடுக்குமானால், தீங்கற்ற துடிப்பு எந்தக் கண்ணிலும் வரலாம் என்பதையும், இடமா வலமா என்பதை வைத்து நோயின் தன்மையை அறிய முடியாது என்பதையும் அவருக்கு அன்போடு எடுத்துச் சொல்ல வேண்டும்.

முதற்படி: துடிப்பது எது என்று அறிந்துகொள்ளுங்கள்

கண்ணைச் சுற்றி வளைய வடிவில் அமைந்த மெல்லிய தசை ஒன்று உண்டு. மருத்துவத்தில் ஆர்பிகுலாரிஸ் ஆகுலை எனப்படும் இத்தசைதான் இமைகளை மூடுகிறது. மூளைத்தண்டிலிருந்து புறப்பட்டு, காதின் அடிப்புறமாக வெளிவந்து, முகமெங்கும் கிளைவிடும் ஏழாவது கபால நரம்பு இதனை இயக்குகிறது. முக நரம்பு என்று சொல்லப்படுவதும் இதுவே. இந்த நரம்பின் சில இழைகள் நம் விருப்பமின்றிச் சிறு சிறு தூண்டல்களை அனுப்பும்போது, தசையின் ஒரு பகுதி மட்டும் அலையலையாக நெளிகிறது. இதனை மருத்துவர்கள் மயோகைமியா என்பர். களைப்பு, மன அழுத்தம், காபி, கண் உலர்ச்சி, நெடுநேரம் கூர்ந்து பார்க்கும் வேலை ஆகியவை இத்துடிப்போடு பொதுவாகச் சேர்ந்து காணப்படுபவை.

இங்கு கவனிக்க வேண்டியது, துடிப்பது இமைதானே தவிர விழி அன்று என்பதாகும். பார்வை குறைவதில்லை, வலி இருப்பதில்லை, கண்ணைத் திறப்பதும் மூடுவதும் வழக்கம்போலவே நடக்கின்றன. நமக்குப் பெரிதாகத் தோன்றும் துடிப்பு எதிரில் அமர்ந்திருப்பவருக்குப் பெரும்பாலும் தெரிவதே இல்லை. இதற்கு மாறாக, பார்க்கும் காட்சியே நடுங்குவதாகவோ இரண்டிரண்டாகத் தெரிவதாகவோ தோன்றினால், அது விழியை அசைக்கும் தசைகளைச் சார்ந்த வேறொரு சிக்கலாக இருக்கலாம். அதனைக் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இரண்டாம் படி: தீங்கற்றதுதானா என்று சோதியுங்கள்

வெளிச்சமான இடத்தில் கண்ணாடி முன் அமர்ந்து முகத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். புருவங்களை உயர்த்துங்கள், இரு கண்களையும் இறுக மூடுங்கள், பல் தெரியச் சிரியுங்கள், கன்னங்களை ஊதுங்கள். இவை அனைத்திலும் இரு பக்கமும் ஒரே அளவில் அசைந்தால், துடிப்பு ஒரு கண்ணின் இமையோடு நின்றால், கண் சிவக்காமலும் வீங்காமலும் இருந்தால், அது தீங்கற்ற துடிப்பாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. துடிக்கும் நேரத்தில் கைபேசியில் அரை நிமிடம் காணொளி எடுத்து வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது துடிப்பு நின்றுவிடுவது வழக்கம் என்பதால், பின்னால் அது மிகவும் உதவும்.

இதனோடு குழப்பிக்கொள்ளக்கூடிய நிலைகள் சில உண்டு. முதலாவது, முகத்தின் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும் ஹெமிஃபேஷியல் ஸ்பாசம். இது பெரும்பாலும் கண்ணருகே தொடங்கி, மாதங்கள் செல்லச்செல்ல அதே பக்கத்துக் கன்னத்துக்கும் வாயோரத்துக்கும் இறங்கும், உறக்கத்திலும் தொடரக்கூடும். மூளைத்தண்டருகே ஒரு ரத்தக்குழாய் முக நரம்பை அழுத்துவதே இதற்கு வழக்கமான காரணம். இரண்டாவது, இரு கண்களும் ஒருசேர இறுக மூடிக்கொள்ளும் பிளெஃபரோஸ்பாசம். இது ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம், அதிலும் பெண்களிடம், மிகுதியாகக் காணப்படுகிறது. தொடக்கத்தில் அடிக்கடி இமைப்பதும் வெளிச்சம் கூசுவதுமாக இருந்து, முற்றிய நிலையில் சாலையைக் கடக்கவே முடியாத அளவுக்குக் கண் மூடிக்கொள்ளும். இவ்விரண்டும் உயிருக்கு ஆபத்தானவை அல்ல; ஆனால் மருத்துவம் தேவைப்படுபவை. குழந்தைகள் அடிக்கடி கண்ணைச் சிமிட்டுவது வேறு வகை. ஒவ்வாமை, பார்வைக் குறைபாடு, பழக்கமாகிவிட்ட அசைவு என்று அதற்குப் பல காரணங்கள் இருப்பதால், கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வதே சரி.

ஒன்றை மட்டும் இவற்றிலிருந்து முற்றிலும் பிரித்து மனத்தில் வைக்க வேண்டும். திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கையோ காலோ மரத்துத் தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, அது பக்கவாதத்தின் அறிகுறி. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பதால், விடியட்டும் என்று காத்திராமல் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். இமை மட்டும் துடிப்பது பக்கவாதத்தின் முன்னறிவிப்பு அன்று.

மூன்றாம் படி: ஒரு வாரம் குறித்து வையுங்கள்

சிறு நோட்டில் நாளுக்கு இரண்டு வரி போதும். எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள், எத்தனை காபி அல்லது தேநீர் குடித்தீர்கள், கடைசிக் குவளை எப்போது, கைபேசியிலும் நுண்வேலையிலும் எவ்வளவு நேரம் சென்றது, எப்போது துடித்தது என்பவற்றை எழுதுங்கள். பலருக்கு நாலைந்து நாட்களிலேயே காரணம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆனால் துடிப்பை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டாம். காலை, பகல், இரவு என்று குறித்தாலே போதுமானது.

நான்காம் படி: உறக்கத்தைச் சீர்ப்படுத்துங்கள்

பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது ஏழு மணி நேர உறக்கம் தேவை. சேலம் மாவட்டத்தில் இரவுப் பணி என்பது அரிதான செய்தியன்று: உருக்காலையின் ஷிப்டு, விசைத்தறிக் கூடங்களின் இரவு ஓட்டம், சங்ககிரியிலிருந்து நெடுந்தொலைவு செல்லும் லாரிகள், பருவ காலத்தில் ஓயாது இயங்கும் ஜவ்வரிசி ஆலைகள் என்று, ஊர் உறங்கும் வேளையில் விழித்திருப்போர் ஏராளம். இவர்களுக்கு 'சீக்கிரம் தூங்குங்கள்' என்ற அறிவுரை பயன்படாது. பகலில் உறங்குபவர் அறையை இயன்றவரை இருட்டாக்க வேண்டும். சன்னலுக்குக் கெட்டியான கருநிறத் துணி போட்டாலே பெரும் வேறுபாடு தெரியும். பணி முடிந்து திரும்பும்போது கடையில் நின்று குடிக்கும் தேநீரைத் தவிர்க்க வேண்டும். உறங்கும் நேரத்தை வீட்டாரிடம் சொல்லி, அந்த நேரத்தில் கைபேசியை வேறு அறையில் வைக்க வேண்டும். ஏழு மணி நேரம் ஒரே மூச்சில் அமையாவிட்டால், ஐந்து மணி நேரம் ஒரு முறையும் இரண்டு மணி நேரம் மறுமுறையுமாகப் பிரித்துக்கொள்வதும் ஏற்கத்தக்கதே.

சித்திரை, வைகாசி மாதங்களில் நகரின் வெப்பம் இரவிலும் தணியாமல் உறக்கத்தைக் கெடுக்கும். மாலையில் மொட்டை மாடியில் நீர் தெளித்து, படுக்கும் முன் குளித்து, காற்று வரும் இடத்தில் படுப்பது என்ற நம் பழைய வழக்கம் இக்காலத்தில் இமைக்கும் நன்மை செய்கிறது. லாரி ஓட்டுநர்களுக்குத் தனியாக ஒரு சொல்: கண் சொருகும் நிலையில் இமை துடித்தால், துடிப்பைப் பற்றி எண்ணாமல் உறக்கத்தை எண்ணி, பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுச் சற்று உறங்குங்கள்.

ஐந்தாம் படி: காபியை அறிந்து குறையுங்கள்

சேலத்துக்காரரிடம் காபியை விடச் சொல்வது எளிதன்று. 1820களில் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்த காலம் தொட்டு, ஏற்காட்டுச் சரிவுகளில் நிழல் மரங்களின் கீழே அது விளைந்து வருகிறது. முழுவதும் விட வேண்டிய தேவையும் இல்லை, குறைத்தால் போதும். எதைக் குறைப்பது என்பதை மட்டும் சரியாக அறிய வேண்டும்.

மலையில் பெரும்பாலும் விளைவது அராபிகா வகை. அதில் உள்ள காஃபின், அதாவது தூக்கத்தைக் கலைக்கும் பொருள், ரோபஸ்டா என்னும் மற்றொரு வகையில் உள்ளதில் ஏறத்தாழப் பாதிதான். சிக்கரியில் காஃபின் அறவே இல்லை. எனவே பொடி வாங்கும்போது கடைக்காரரிடம் கலவையைக் கேட்டு, ரோபஸ்டாவைக் குறைத்தோ சிக்கரியைச் சற்றுக் கூட்டியோ அரைத்துத் தரச் சொன்னால், அதே எண்ணிக்கைக் குவளைகளில் உள்ளே செல்லும் காஃபின் குறைந்துவிடும். டிகாஷனைக் குறைத்துப் பாலைக் கூட்டுவதும் அவ்வாறே. நலமாக உள்ள பெரியவர் ஒரு நாளில் 400 மில்லிகிராம் காஃபின் வரையிலும், கருவுற்ற பெண்கள் 200 மில்லிகிராம் வரையிலும் கொள்ளலாம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. ஆனால் இமை துடிக்கும் நாட்களில் அந்த எல்லைக்கு வெகு கீழே நிற்பதே நல்லது. தேநீர், கோலா வகைப் பானங்கள், தூக்கம் கலைக்கும் ஆற்றல் பானங்கள் ஆகியவற்றிலும் காஃபின் உண்டு என்பதையும், சில தலைவலி மாத்திரைகளில்கூட அது சேர்க்கப்படுகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

குடித்த காஃபினில் பாதி உடலை விட்டு நீங்குவதற்குச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. மாலை ஐந்து மணிக்குக் குடித்த காபியில் பாதி, இரவு பத்து மணிக்குப் படுக்கும்போதும் உடலில் இருக்கிறது. ஆகவே எத்தனை குவளை என்பதைவிடக் கடைசிக் குவளை எப்போது என்பதே பலருக்கு முக்கியமாகிறது. பகல் உணவுக்குப் பிறகு காபி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஐந்து, ஆறு முறை குடித்துப் பழகியவர்கள் ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. அப்படி நிறுத்தினால் பன்னிரண்டு முதல் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் தலைவலியும் சோர்வும் எரிச்சலும் தொடங்கி, சில நாட்கள் நீடிக்கும். இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு குவளை என்ற கணக்கில் குறைத்து, விட்ட குவளையின் இடத்தில் சுக்கு மல்லிக் காபியையோ மோரையோ வைத்துக்கொண்டால் பழக்கம் நோகாமல் மாறும். புகைபிடித்தலும் மதுவும் இமை துடிப்போடு தொடர்புடையவையே.

ஆறாம் படி: நுண்வேலைக்கு ஏற்ற கண்ணாடியும் ஓய்வும்

இந்தப் படியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். நம் ஊருக்கு இதுதான் மிகவும் பொருந்துகிறது. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பகுதிகளில் வெள்ளிக் கொலுசுக்குக் கண்ணி கோத்துப் பற்றவைப்போர், இளம்பிள்ளையிலும் அம்மாப்பேட்டையிலும் அறுந்த இழையைத் தேடிப் பிணைக்கும் நெசவாளர்கள், பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், நாள் முழுவதும் கணினியில் தட்டச்சு செய்வோர் என அனைவரும் ஓர் அடிக்கும் இரண்டடிக்கும் இடைப்பட்ட தொலைவிலேயே மணிக்கணக்கில் பார்க்கிறார்கள். நாற்பது வயதை ஒட்டி எல்லோருக்கும் வெள்ளெழுத்து, அதாவது அருகில் உள்ளவை மங்கலாகத் தெரிவது, தொடங்குகிறது. கண்ணாடி போட்டால் வயதாகிவிட்டதாக எண்ணி அதனைத் தள்ளிப்போடுவோர், கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்க்கிறார்கள். அப்படி இடுக்குவது துடிக்கின்ற அதே தசைதான்.

கண் பரிசோதனைக்குச் செல்லும் முன், நீங்கள் வழக்கமாக அமரும் நிலையில் அமர்ந்து, கண்ணிலிருந்து வேலைப் பொருள்வரை உள்ள தொலைவை வீட்டில் ஒருவரைக் கொண்டு அளந்து, அந்த அளவைப் பரிசோதிப்பவரிடம் சொல்லுங்கள். நாளிதழ் படிக்கும் தொலைவும் தறியின் தொலைவும் ஒன்றல்ல. நாளிதழுக்கு எழுதித் தந்த கண்ணாடி தறிக்குப் பொருந்தாமல், அணிந்தும் பயனின்றிப் போவதற்குக் காரணம் இதுவே. பற்றவைப்பவர்கள் தீயின் கூச்சத்திலிருந்தும் தெறிக்கும் துகளிலிருந்தும் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடியைக் கட்டாயம் அணிய வேண்டும். விளக்கு கண்ணில் அடிக்காமல், தோளுக்குப் பின்னிருந்து வேலையின் மீது விழட்டும்.

இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை, இருபது அடிக்கு அப்பால் உள்ள ஒன்றை, இருபது நொடிகள் பார்ப்பது என்ற எளிய விதியைக் கடைப்பிடியுங்கள். இருபது அடி என்பது ஏறத்தாழ ஆறு மீட்டர். பட்டறைக் கதவுக்கு வெளியே தெரியும் மரமோ, வானம் தெளிந்த நாளில் வடக்கே நிற்கும் மலையோ போதும். கூலிக்கு வேலை செய்பவருக்கு இருபது நொடியும் காசுதான் என்பதை அறிவேன். தறியில் பாவு நூலை மாற்றும்போதும், ஊடை நூல் சுற்றிய தாரை மாற்றும்போதும் கிடைக்கும் இடைவெளியிலாவது கண்ணை உயர்த்தித் தொலைவில் பார்க்கலாம்.

ஏழாம் படி: கண் உலராமல் காத்துக்கொள்ளுங்கள்

சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முதல் இருபது முறை இமைக்கிறோம். திரையையோ நுண்பொருளையோ உற்றுப் பார்க்கும்போது அது வெகுவாகக் குறைந்து, கண்ணீர்ப் படலம் காய்ந்து, உறுத்தல் ஏற்படுகிறது. முகத்துக்கு நேரே சுழலும் மின்விசிறி, குளிர்சாதனம், விசைத்தறிக் கூடத்தின் பஞ்சுத் தூசி, ஹெல்மெட் கண்ணாடியைத் திறந்தபடி இருசக்கர வண்டி ஓட்டுவது ஆகியவை இதனை மிகுவிக்கும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டுக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் குளிர்காற்று அடிக்க வண்டியில் ஏறுபவர்கள் ஹெல்மெட் கண்ணாடியை மூடிக்கொள்ள வேண்டும்.

வெதுவெதுப்பான ஒத்தடம் இமைக்கு மிகவும் இதமளிக்கும். தூய பருத்தித் துணியைச் சூடான நீரில் நனைத்துப் பிழிந்து, மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூடு தாங்குகிறதா என்று பார்த்த பின், மூடிய இமைகளின் மேல் ஐந்து முதல் பத்து நிமிடங்கள் வையுங்கள், ஆறினால் மீண்டும் நனையுங்கள், விழியை அழுத்தாதீர்கள். உலர்ச்சி மிகுதியாக இருந்தால், கார்பாக்ஸிமெதில்செல்லுலோஸ் போன்ற செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தை ஒவ்வொரு சொட்டாக நாளுக்கு மூன்று நான்கு முறை விடலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால், பதப்படுத்தும் பொருள் சேர்க்காத வகையை மருத்துவரைக் கேட்டு வாங்க வேண்டும்.

கண்ணில் விடக்கூடாதவற்றையும் சொல்ல வேண்டும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு என்று அன்பினால் பலர் பரிந்துரைப்பார்கள். தூய்மை செய்யப்படாத எதனைக் கண்ணில் விட்டாலும் கருவிழியில் புண் உண்டாகலாம், பார்வையே பறிபோகலாம். மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து இன்னும் கொடியது. தொடர்ந்து விட்டால் கண் அழுத்த நோயும் கண்புரையும் வரக்கூடும். தீங்கற்ற ஒரு துடிப்புக்காகப் பார்வையைப் பணயம் வைக்க வேண்டாம்.

எட்டாம் படி: துடிக்கும் அந்த நேரத்தில்

கண்களை மெல்ல மூடி, மூச்சை நீளமாக இழுத்து விட்டு, ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். சுத்தமான விரலால் இமையோரத்து எலும்பின் மேல் இலேசாகத் தொட்டுக்கொள்ளலாம்; தேய்க்கக் கூடாது. சத்துக் குறைவோ என்று மக்னீசியம் மாத்திரை வாங்குவோர் பலர். உடலில் மக்னீசியம் உண்மையாகவே குறைந்தால் கைகால் தசைகளும் துடிக்கும், இழுக்கும். இமை மட்டும் துடிப்பவருக்கு மாத்திரை உதவும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், கீரை, நிலக்கடலை ஆகியவற்றிலேயே அச்சத்து போதிய அளவு உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அம்மாத்திரையைத் தொடவே கூடாது.

ஒன்பதாம் படி: மருத்துவரை நாட வேண்டிய நேரம்

மேற்சொன்னவற்றைச் செய்தும் மூன்று வாரங்களுக்கு மேல் துடிப்பு நீடித்தால் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள். கன்னமோ வாயோரமோ சேர்ந்து இழுத்தால், இமை முழுவதுமாக மூடிக்கொண்டால், மேலிமை தொங்கினால், கண் சிவந்து பீளை கட்டினால், வெளிச்சம் தாங்காமல் கூசினால், மூன்று வாரம் காத்திராமல் உடனே செல்லுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவிலோ, அருகிலுள்ள கண் மருத்துவரிடமோ காட்டலாம்.

மருத்துவர் பார்வையையும், இமைகளையும், கண்ணீரின் அளவையும், முகத் தசைகளையும் சோதிப்பார். தீங்கற்ற துடிப்பு என்று தெளிவானால் ஸ்கேன் தேவைப்படாது. முகத்தின் ஒரு பக்கம் இழுக்கும் நோய் என்று ஐயம் எழுந்தால் மட்டும் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பி, எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லக்கூடும். மாதக்கணக்கில் விடாத துடிப்புக்கும், பிளெஃபரோஸ்பாசத்துக்கும், ஹெமிஃபேஷியல் ஸ்பாசத்துக்கும், தசையைத் தளர்த்தும் போட்டுலினம் டாக்சின் ஊசி பயன்படுகிறது. அமெரிக்காவில் 1989இல் பிளெஃபரோஸ்பாசத்துக்கு ஒப்புதல் பெற்ற மருந்து இது. மிகச் சிறிய அளவில் இமைத் தசையில் செலுத்தப்படும் இதன் பயன் ஏறத்தாழ மூன்று மாதங்கள் நிற்கும். சிலருக்குத் தற்காலிகமாக இமை தொங்குவதும் கண் உலர்வதும் உண்டு.

செல்லும்போது கைபேசிக் காணொளியையும், குறிப்பு நோட்டையும், தற்போது உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். ஒற்றைத் தலைவலிக்கும் வலிப்புக்கும் தரப்படும் டோபிரமேட் போன்ற சில மருந்துகளாலும் இமை துடிக்கலாம். அப்படி ஐயம் இருந்தாலும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாமல், எழுதித் தந்த மருத்துவரிடம் கேட்டே அளவைக் குறைக்கவோ மாற்றவோ வேண்டும்.